தேயிலைச் சாயம் மருந்தாகுமா?

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக மேலேறும் பாதையில், ஹோர்ட்டன் சமவெளியை அண்டிக் கிடக்கும் டயகமத் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து, ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக அன்னிய நாட்டாருக்கு உற்சாக பானமாகவும் நம் நாட்டுக்கு அன்னியச் செலாவணியாகவும் இருந்துவருவதை எல்லோரும் அறிவர். அதுவே ஒரு ஔஷதமும் ஆகுமென்ற பேச்சு மட்டும் காலத்துக்குக் காலம் எழுந்து, சில நாள் ஆரவாரம் செய்து, பிறகு ஓய்ந்துபோகிறது. கடைசியாக அது பலமாக எழுந்தது 2020இல், கொரோனா வியாதி உலகத்தைச் சூழ்ந்துகொண்ட வேளையில். அப்பொழுது தேயிலையிலுள்ள சில பொருள்கள் அந்தக் கிருமியை முடக்கிவிடும் என்று கணினி கண்டுபிடித்துவிட்டதாகச் செய்திகள் பரவின. அச்செய்திகள் முழுப் பொய்யல்ல. ஆயினும், கணினி உண்மையில் சொன்னது எது, சோதனைச்சாலை சொன்னது எது, மனித உடல் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அவற்றில் எஞ்சுவது மிகச் சிறிது.

முதலில் அந்தப் பொருள்கள் எவை என்று அறிந்துகொள்வோம். பச்சைக் கொழுந்தில் கற்றெச்சின் என்ற வகுப்பைச் சேர்ந்த துவர்ப்புச் சத்துகள் மிகுதியாக உண்டு. ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டு அரைக்கும்பொழுது இலையின் உயிரணுக்கள் சிதைய, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கற்றெச்சின்களும் ஒரு நொதியமும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து, புளிக்கவைக்கும் அந்தச் சொற்ப நேரத்துக்குள் இலையின் பச்சை நிறம் செம்பு நிறமாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் பிறப்பதே தியாஃபிளவின். 1950களில் ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் என்ற தேயிலை ரசாயன அறிஞர் இதனைப் பிரித்தறிந்து பெயரிட்டார். கொழும்பு ஏலத்துக்கு வரும் தூளை நாவில் வைத்துச் சுவைப்போர் பிரகாசமென்றும் சுறுசுறுப்பென்றும் புகழ்கிற குணங்களுக்குப் பெரிதும் காரணம் இதுவே. கறுப்புத் தேயிலையில் இது நூற்றுக்கு ஓரிரு பங்குதான் இருக்கும். தேத்தண்ணீர் குடித்தவுடன் நாக்கு சற்று வறண்டு இழுப்பதுபோல் தோன்றுகிறதே, அது இந்த வகைச் சத்துகள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றி ஒட்டிக்கொள்வதனால் நேர்வது. புரதத்தோடு ஒட்டும் இந்தச் சுபாவத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; மேலே சொல்லப்போவதெல்லாம் அதன் விளையாட்டே.

இனி கணினிக்கு வருவோம். வைரசு தனக்கு வேண்டிய புரதங்களை ஒரே நீண்ட சங்கிலியாகச் செய்வித்து, அச்சங்கிலியை ஒரு குறிப்பிட்ட நொதியத்தால் உரிய இடங்களில் அறுத்தெடுத்துப் பயன்படுத்துகிறது. அந்த நொதியத்தின் அறுக்கும் பள்ளத்தை ஏதேனுமொரு மூலக்கூறால் அடைத்துவிட்டால் வைரசு பெருக மாட்டாது. சீன விஞ்ஞானிகள் இந்த நொதியத்தின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்து, 2020 பெப்ரவரி தொடக்கத்திலேயே உலகப் புரதக் களஞ்சியத்தில் 6எல்யூ7 என்ற அடையாளத்தோடு பொதுவில் வைத்தனர். பள்ளத்தின் வடிவம் தெரிந்தபின், எந்த மூலக்கூறு அதனுள் எவ்வளவு பொருந்தும் என்பதைக் கணித முறையில் அனுமானிக்கும் சாஸ்திரம் ஏற்கெனவே சித்தமாக இருந்தது. 1982இல் கலிபோர்னியாவில் கன்ட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் தொடக்கிவைத்த அம்முறைக்கு, 2010இல் வெளியான ஆட்டோடாக் வீனா போன்ற இலவச மென்பொருள்கள் துணையாக வந்து, ஒரு மடிக்கணினியும் இணைய வசதியும் உள்ள எந்த மாணவரும் ஆயிரம் மூலக்கூறுகளை ஓரிரு நாளில் பரீட்சித்துப் பார்க்கக்கூடிய நிலையை உண்டாக்கின.

புரதங்களின் வடிவத்தைக் கணக்கால் அளக்கும் இந்தப் பெரிய வித்தைக்கு அஸ்திவாரமிட்டவர்களுள் ஒருவர் சென்னையில் இருந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், தம் சகாக்களான சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியின் கணுக்கள் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு, 1963இல் ஒரு படமாக வெளியிட்டார். இன்றைய கணினிகள் எவையும் இல்லாத காலத்து வேலை அது. 2024இல் தன்னை உருவாக்கியோருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆல்பாஃபோல்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு முறை ஊகித்துத் தரும் புரத வடிவங்களையும் ராமச்சந்திரன் வரைந்த அதே படத்தின்மேல் வைத்துத்தான் இன்றும் சரிபார்க்கிறார்கள்.

தியாஃபிளவினைக் கணினியில் அந்தப் பள்ளத்துள் இறக்கிப் பார்த்தபொழுது நல்ல மதிப்பெண் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த மதிப்பெண் ஓர் அனுமானம். அதுவும் பல சலுகைகளைத் தனக்குத்தானே அளித்துக்கொண்ட அனுமானம். அசைந்தும் நெளிந்தும் கிடக்கிற புரதத்தை அது பெரும்பாலும் அசையாத பொருளாகக் கொள்கிறது. சுற்றிலும் நிறைந்திருக்கும் நீரை மேலெழுந்தவாரியாகக் கணக்கில் சேர்க்கிறது. பெரிய மூலக்கூறு எதுவாயினும், தொடுகிற இடங்கள் மிகுதி என்ற ஒரே காரணத்தால், அதற்கு அதிக மதிப்பெண் வழங்கிவிடுகிறது. தியாஃபிளவினோ மிகப் பெரியது. கைகள் பலவாக நீட்டி நிற்பது. அதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்காவிட்டால் அல்லவா ஆச்சரியப்பட வேண்டும்?

ஆகவே அடுத்த படி சோதனைச்சாலை. இங்கேயும் தேயிலை வெறுங்கையோடு திரும்பவில்லை. முதல் சார்ஸ் நோய் ஆசியாவை அச்சுறுத்திச் சென்றபின், தைவான் நாட்டு ஆய்வாளர் 720 இயற்கைச் சேர்மங்களை எடுத்து, அக்கால வைரசின் இதே வகை நொதியத்தின்மேல் ஒவ்வொன்றாகப் பரீட்சித்தனர். 2005இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், கறுப்புத் தேயிலையின் தியாஃபிளவின் வகைகளுள் ஒன்று நொதியத்தின் வேலையைப் பாதியாகக் குறைக்க, லீற்றருக்கு ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் அளவே போதுமானதாக இருந்தது. பச்சைத் தேயிலைச் சாற்றைக் காட்டிலும் கறுப்புத் தேயிலைச் சாறு அதிக வலிமை உடையதென்றும் அவர்கள் கண்டனர். கறுப்புத் தேயிலையால் வாழும் நம் நாட்டில் இதைப் படிப்பவருக்கு உள்ளம் பூரிப்பது இயல்பு. என்றாலும், கண்ணாடிக் குழாயில் நிகழ்ந்தது குழாயில் நிகழ்ந்ததுதான்.

அந்தக் குழாயிலேயே ஏமாற்றம் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும் என்பதை 2002ஆம் ஆண்டில் பிரையன் ஷொய்செட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர். கணினிப் பொருத்த முறையை வளர்த்தவர்களுள் ஒருவரே அதன் வெற்றிகளைச் சந்தேகித்து ஆராய்ந்தது விஞ்ஞானத்துக்குப் பெருமை. சில மூலக்கூறுகள் நீரில் ஒன்றுதிரண்டு நுண்ணிய திரள்களாகி, அத்திரள்களின்மேல் நொதியம் எதுவாயினும் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். மழைக்காலத்து மலையில் அட்டை யார் காலென்று பாராமல் பற்றுவதுபோல, அத்திரள்களுக்கு நோயின் நொதியம், உடம்பின் நொதியம் என்ற பேதம் கிடையாது. சிறிதளவு சவர்க்காரப் பொருளை அந்தக் கரைசலில் சேர்த்தவுடன் திரள்கள் கலைந்து, பார்த்த மருந்துக் குணமும் மாயமாகிவிடும் என்பதே அவர்கள் கண்ட எளிய சோதனை. பிறகு 2010இல் பேல், ஹொலவே என்ற இருவர், எந்தச் சோதனையிலும் வெற்றி பெற்றதுபோல் தோற்றம் காட்டி ஆய்வாளரை அலைக்கழிக்கும் மூலக்கூறு வகைகளைத் தொகுத்து ஓர் எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிட்டனர். தேயிலையின் கற்றெச்சின் குடும்பம் இத்தகைய சந்தேகத்துக்கு இலக்கான கூட்டத்துள் நெடுநாளாக வைத்து எண்ணப்படுகிறது. புற்றுநோய், சர்க்கரை வியாதி, மறதி நோய், வைரசு நோய் என எதைப் பரீட்சித்தாலும் அதற்குத் தேயிலையிலிருந்து ஒரு நல்ல முடிவு வருகிறதென்றால், மகிழ்வதற்குமுன் நின்று யோசிக்க வேண்டும்.

சரி, குழாயில் கண்டது உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த எட்டு மில்லிகிராம் அளவு நம் இரத்தத்துக்கு வந்துசேருமா? இதற்கு விடை 2001இலேயே கிடைத்துவிட்டது. ஏறத்தாழ 30 கோப்பை கறுப்புத் தேத்தண்ணீருக்குச் சமமான 700 மில்லிகிராம் தியாஃபிளவினை மனிதர்க்குக் கொடுத்து, அவர்களுடைய இரத்தத்தை நுட்பமான கருவியால் அளந்தார்கள். லீற்றருக்குக் கிடைத்த உச்ச அளவு ஒரு மைக்ரோகிராம்! குழாயில் வேண்டியிருந்ததில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு அது. கைகள் பலவாக நீட்டி நின்று கணினியில் மதிப்பெண் வாங்கிய அதே பெரிய உருவந்தான் குடலின் சுவரைக் கடக்க இயலாமல் வெளியே நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால், 2020இன் தலைப்புச் செய்திகளில் பல அச்சேறியே இருக்க மாட்டா.

அதே நொதியத்தின் அதே பள்ளத்தை அடைக்கும் மருந்து பின்னர் மெய்யாகவே வந்தது. முதல் சார்ஸ் காலத்தில் ஃபைசர் நிறுவனத்தார் தொடங்கிக் கைவிட்ட ஒரு மூலக்கூறைப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் எடுத்து, வாயால் உட்கொண்டால் இரத்தத்தில் சேரும்படி அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, கணினியில் பார்த்து, குழாயில் பார்த்து, பிராணிகளில் பார்த்து, அதன்பின்னும் அதை ஈரல் விரைவில் அழித்துவிடாதபடி வேறொரு மருந்தைத் துணைக்குச் சேர்த்து, கடைசியில் ஏறத்தாழ 2,250 நோயாளரிடம் பரீட்சித்து, நோய் முற்றும் அபாயம் மிகுந்தவர்கள் மூன்று நாளுக்குள் உட்கொண்டால் வைத்தியசாலையில் சேர நேர்வதும் மரணமும் நூற்றுக்கு 89 பங்கு குறைகின்றன என்று கண்டபிறகே நிர்மாட்ரெல்விர் என்ற அம்மருந்து, 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. கேகாலைப் பக்கம், கொரோனாவைத் தடுக்குமென்று சொல்லப்பட்ட ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நின்றது அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முந்திய டிசம்பரில்.

தேயிலை மருந்தே ஆகாதென்று சொல்லிவிடவும் நியாயமில்லை. பச்சைத் தேயிலையின் கற்றெச்சின்களைப் பிரித்தெடுத்துச் செய்த ஒரு களிம்பு, வைரசினால் மறைவிடங்களில் உண்டாகும் மருக்களுக்கு மருந்தாக 2006இல் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது. தாவரச் சாறு ஒன்று அந்நாட்டில் புதிய விதிகளின்படி வைத்தியர் சீட்டு மருந்தானது அதுவே முதல்முறை. அது வெற்றி பெற்ற காரணம் வெளிப்படை: தோலின்மேல் பூசுவதால் குடலைக் கடக்கும் கவலையே அதற்கு இல்லை. இதற்கு மாறாக, அதே கற்றெச்சினைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவோருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொள்ளும் சிலருக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. தேத்தண்ணீருக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. கடைகளில் விற்கும் மெலிவு மாத்திரைகளுக்குப் பொருந்தும்.

தேயிலையின் ஒட்டும் சுபாவம் மனித உடம்பில் ஐயமற நிரூபணமான இடம் ஒன்று உண்டு. அதைத் தலைப்புச் செய்தியாக்க யாரும் முன்வருவதில்லை. மரக்கறி, தானியம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இரும்புச் சத்தைத் துவர்ப்புப் பொருள்கள் குடலுக்குள்ளேயே பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் செய்துவிடுகின்றன. ரொட்டியோடும் சோற்றோடும் தேத்தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த உணவின் இரும்பு சேர்வது வெகுவாகக் குறைந்ததை 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினர். காலை ரொட்டியைத் தேத்தண்ணீரோடு தின்றுவிட்டுப் பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஓடுகிற, இறைச்சியை அபூர்வமாகவே காண்கிற, அட்டைக்கும் மாதவிலக்குக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இரத்தத்தை இழக்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, வைரசு நொதியத்தின் பள்ளத்தைவிட இந்த விஷயமே அருகிலிருப்பது. இரத்தச் சோகை மலையகத்தில் புதிய சங்கதியுமல்ல. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் செடிக்கு என்னென்ன சத்து எவ்வளவு வேண்டுமென்பதை நூறாண்டுகளாகக் கணக்கிட்டு வந்திருக்கிறது; செடியைப் பராமரிக்கிறவளின் சத்துக் கணக்கை அவ்வளவு சிரத்தையோடு போட்டவர் யாரென்று கேட்கத் தோன்றுகிறது.

பரிகாரம் கடினமானதன்று. உணவுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் அந்தத் தடை பாதியளவு குறைகிறது என்று 2017இல் இங்கிலாந்தில் பெண்களைக் கொண்டு செய்த ஒரு சிறு ஆய்வு கண்டது. பிரட்டுக்கு முந்திய அவசரத்தில் ஒரு மணி நேரத்தை எங்கே தேடுவது என்பது நியாயமான கேள்விதான். அதற்கு, காலைத் தேத்தண்ணீரை எழுந்தவுடன் வெறுவயிற்றில் குடித்துவிட்டு, மலையில் உண்ணும் ரொட்டிக்குத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்வது ஓரளவு இயலக்கூடிய ஏற்பாடு. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையையோ ஒருநாளும் தேத்தண்ணீரோடு விழுங்கக்கூடாது.