அழவைக்கப்பட்ட சிறுவன், இயக்குநரான கதை

'ஸ்கிப்பி' படத்தின் படப்பிடிப்பு. எட்டு வயதுப் பையன் கேமரா முன்னால் அழவேண்டும்; அழுகை வரவில்லை. இயக்குநர் நார்மன் டாரோக் வேற்று ஆள் அல்ல, பையனின் சொந்தச் சித்தப்பா முறை. மிரட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில், "உன் நாயைச் சுட்டுவிடுவேன்" என்றார். துப்பாக்கியோடு ஒரு காவலாளி நாயை செட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். வெடிச் சத்தம் கேட்டது. பையன் கதறினான். கேமரா ஓடியது.

நாய் சாகவில்லை. காட்சி முடிந்ததும் கொண்டுவந்து காட்டினார்கள். ஆனால் அந்தப் பையன் ஜாக்கி கூப்பர், அந்த நாளை அரை நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை. 1981-ல் எழுதிய சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர், 'ப்ளீஸ் டோன்ட் ஷூட் மை டாக்'. தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்.

1931-ல் வெளியான அந்தப் படத்துக்காக டாரோக்குக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஜாக்கி சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். விழா நடந்தபோது வயது ஒன்பது. அந்தப் பிரிவில் அவ்வளவு சின்ன வயதில் பரிந்துரை பெற்றவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. விழா நீண்டுகொண்டே போக, பக்கத்தில் இருந்த மூத்த நடிகை மேரி டிரஸ்லர் மீது சாய்ந்து தூங்கிப்போனான் பையன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம். இங்கே பிள்ளை அழுதது. பால் குடித்தவர்கள் பெரியவர்கள்.

அதே வருடம் 'தி சாம்ப்' படத்தில், செத்துப்போன குத்துச்சண்டை வீரனின் மகனாக மறுபடியும் அழுதார். ஊரே சேர்ந்து அழுதது. அப்பாவாக நடித்த வாலஸ் பீரி ஆஸ்கர் வாங்கினார். 'ட்ரெஷர் ஐலண்ட்' உட்பட இன்னும் சில படங்களில் இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். திரையில் தகப்பன் பாசத்தைக் கொட்டிய பீரியிடம் நிஜத்தில் பாசம் எதுவும் இல்லை என்று கூப்பர் பின்னாளில் சொன்னார். பிறகு குரல் உடைந்தது, முகம் மாறியது, மவுசும் போனது. போர்க்காலம் கடற்படையில் கழிந்தது. திரும்பி வந்தவருக்கு ஹாலிவுட்டில் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை.

குழந்தை நட்சத்திரங்கள் பலருடைய கதை இந்த இடத்தில்தான் நின்றுபோகும். பழைய போஸ்டர்களையே பார்த்துக்கொண்டு வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் அந்த ஊரில் நிறைய உண்டு. கூப்பர் மேடைக்குப் போனார், அங்கிருந்து அப்போது வளர்ந்துகொண்டிருந்த தொலைக்காட்சிக்குப் போனார். சினிமாக்காரர்கள் ஏளனமாகப் பார்த்த இடம் அது. 1955-ல் என்.பி.சி-யில் தொடங்கிய 'தி பீப்பிள்ஸ் சாய்ஸ்' தொடரில் அவர்தான் கதாநாயகன். கூடவே கிளியோ என்றொரு நாய். அது மனசுக்குள் நினைப்பதெல்லாம் பார்வையாளர்களுக்கு மட்டும் குரலாகக் கேட்கும். நாயை வைத்து அழவைக்கப்பட்டவர், நாயை வைத்து நாட்டைச் சிரிக்கவைத்தார். அந்தத் தொடரின் பல அத்தியாயங்களை இயக்கியவரும் அவரே. அடுத்து 1959 முதல் 1962 வரை 'ஹென்னஸி'. கடற்படை மருத்துவராக நடித்ததோடு தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

1964-ல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் தொடர் தயாரிப்புக்கான துணைத் தலைவர் பதவியை அவருக்குக் கொடுத்தது. முகத்தைக் காட்டிச் சம்பாதித்தவர், ஐந்து வருடம் முகமே காட்டாமல் அலுவலகத்தில் உட்கார்ந்தார். எந்தக் கதை தொடராகும், எந்தச் சேனலுக்கு விற்கலாம் என்பதே வேலை. 'பிவிட்ச்ட்', 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி', சாலி ஃபீல்டை அறிமுகப்படுத்திய 'கிட்ஜெட்' எல்லாம் அந்த நிறுவனத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்தவைதான்.

ஆனால் அவருடைய உச்சம் அதற்குப் பிறகு, இயக்குநர் நாற்காலியில்தான் வந்தது என்பேன். கொரியப் போர்க்களத்து மருத்துவ முகாமைக் காட்டிய 'மேஷ்' தொடரின் முதல் இரண்டு பருவங்களில் பல அத்தியாயங்களை இயக்கினார். அதில் ஒன்று 'கேரி ஆன், ஹாக்ஐ'. முகாமில் காய்ச்சல் பரவி மருத்துவர்கள் ஒவ்வொருவராகப் படுத்துவிடுகிறார்கள். ஹாக்ஐ ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறார். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தலைமை நர்ஸ் மார்கரெட் துணைக்கு நிற்க, பாதிரியாரும் அறுவை அரங்கில் உதவ வேண்டியதாகிறது. அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்தான். ஆனால் சிரிப்புக்கு நடுவே அந்த ஆளின் களைப்பு நம் தோளில் வந்து உட்காரும். 1974-ல் எம்மி விருது அதற்குத்தான் கிடைத்தது. அந்தக் குழுவில் எல்லோருடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அந்தக் கசப்பையும் சுயசரிதையில் அவர் மறைக்கவில்லை.

தொலைக்காட்சியில் இயக்குநர் பெரும்பாலும் விருந்தாளிதான். தொடரின் தோற்றமும் நடையும் முன்னமே முடிவாகியிருக்கும். வந்து சில நாளில் எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பைலட் எனப்படும் முதல் அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி ஒன்றின் கூடைப்பந்து மாணவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் பற்றிய 'தி ஒயிட் ஷேடோ'வுக்கு 1978-ல் பைலட் எடுத்தவர் கூப்பர். அடுத்த வருடம் இரண்டாவது எம்மி. ஒன்று நகைச்சுவைக்கு, இன்னொன்று நாடகத் தொடருக்கு.

அதே 1978-ல் 'சூப்பர்மேன்' வந்தது. டெய்லி பிளானட் பத்திரிகையின் ஆசிரியர் பெரி ஒயிட்டாக நான்கு படங்களில் நடித்தார். உலகம் அவரை அந்த முகத்தோடுதான் நினைவில் வைத்திருக்கிறது. அது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

ஏனென்றால் அந்த வருடம் இன்னொன்றும் செய்தார். நடிகை ஜூடி கார்லண்டின் இளமைக் காலத்தைச் சொல்லும் 'ரெயின்போ' என்ற தொலைக்காட்சிப் படத்தை இயக்கினார். ஸ்டுடியோவின் பிடிக்குள் வளர்ந்த இன்னொரு பிள்ளையின் கதை அது. ஜூடியை அவர் சின்ன வயதிலேயே நேரில் அறிந்தவர்.

1936-ல் எம்.ஜி.எம். எடுத்த 'தி டெவில் இஸ் எ ஸிஸி' படத்தில் ஜாக்கி கூப்பரோடு நடித்த இன்னொரு பையன் மிக்கி ரூனி. 1981-ல் 'லீவ் எம் லாஃபிங்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் ரூனிக்குக் கோமாளி வேடம், வீடில்லாத குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் சிகாகோக்காரர். நாயின் கதையைக் கூப்பர் புத்தகமாக வெளியிட்டதும் அதே வருடம். 'ஸ்கிப்பி' வந்து அப்போது சரியாக 50 ஆண்டுகள். வீடில்லாத அந்தக் குழந்தைகளின் படத்தை இயக்கியவர் ஜாக்கி கூப்பர்.