மங்கோலியா நிலக்கரி: விலை ஏறிய வருஷம் விற்க முடியாமல் போன கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு நாடு வருஷத்துக்கு எத்தனை டன் நிலக்கரி ஏற்றுமதி செய்கிறது, அந்த வருஷம் சர்வதேச விலை என்ன, ரெண்டையும் பெருக்கினால் வருமானம் ஓரளவு வந்துவிடும் என்பது என் எண்ணம். மங்கோலியாவுக்குப் போட்டுப் பார்த்தபோது 2023-க்கு வந்த விடை, உண்மையான வருமானத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல். முதலில் என் கோடில்தான் பிழை என்று நினைத்தேன். கோடு சரியாகத்தான் இருந்தது. நான் போட்ட விலைதான் தப்பு.

மங்கோலியாவைச் சின்ன நாடு என்று சொன்னால் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். பரப்பளவு 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். கடல் கிடையாது. பக்கத்து நாடுகள் ரெண்டே ரெண்டு: வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா. கோபி பாலைவனத்தின் தெற்கே தவான் தோல்கோய் என்று ஒரு சுரங்கப் பகுதி. ‘ஐந்து குன்றுகள்’ என்று அர்த்தமாம். அங்கே 600 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். செய்திகளில் ‘நிலக்கரி விலை’ என்று வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் துறைமுக விலை. அது அனல் மின்நிலையத்தில் எரிக்கும் கரி. மங்கோலியா முக்கியமாக விற்பது கோக்கிங் கரி, அதாவது காற்றில்லாமல் சூடாக்கி கோக் ஆக்கி, எஃகு ஆலையின் ஊதுலையில் போடுவது. அதன் விலை தனி, ஏற்ற இறக்கமும் தனி.

இப்போது 2021-க்கு வருவோம். 2020 கடைசியில் சீனா ஆஸ்திரேலியக் கரியை வாங்குவதை நிறுத்திவிட்டது. ரெண்டு நாட்டுக்கும் அரசியல் சண்டை. பெரிய போட்டியாளர் வெளியே போய்விட்டார், பக்கத்திலேயே மங்கோலியா இருக்கிறது. லாட்டரி அடித்த மாதிரிதானே? வருஷ ஆரம்பத்தில் டன்னுக்கு 100 டாலரைச் சற்றுத் தாண்டி நின்ற ஆஸ்திரேலியத் துறைமுக விலை, செப்டம்பர் வாக்கில் 400-ஐ நெருங்கியது. சீனாவில் வந்து இறங்கும் சரக்கின் விலை 600-ஐயே தாண்டியது.

மங்கோலியா அந்த வருஷம் ஏற்றுமதி செய்தது சுமார் 1.6 கோடி டன். 2019-இல் 3.6 கோடி டன்னுக்கு மேல் விற்ற நாடு! பாதிகூட இல்லை.

காரணம் கொரோனா. சுரங்கத்திலிருந்து கஷூன் சுகாய்த் எல்லை வரை 240 கிலோமீட்டர் போல வரும், அத்தனையும் லாரியில்தான். லாரி ஓட்டுநர்களுக்குத் தொற்று என்றதும் எல்லையை மூடுவார்கள், திறப்பார்கள், மறுபடி மூடுவார்கள். பிறகு ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே தேவையில்லாதபடி கன்டெய்னரில் ஏற்றி, எல்லையில் கிரேன் வைத்து மாற்றும் ஏற்பாடு வந்தது. உலகமே கரிக்கு அலைந்தபோது, கரியைக் குவித்து வைத்துக்கொண்டு கதவு திறக்கக் காத்திருந்தார்கள். கடல் இருக்கும் நாடு என்றால் வேறு ஆளுக்குக் கப்பலைத் திருப்பலாம். இவர்களால் லாரியைத் திருப்ப முடியாது.

‘அப்போ ரயில் போட வேண்டியதுதானே?’ என்று தோன்றும். அதுவும் ஒரு நீண்ட கதை. மங்கோலிய ரயில்பாதை ரஷ்ய அகலம், 1520 மில்லிமீட்டர். சீனாவுடையது 1435. இடைவெளி 85 மில்லிமீட்டர்தான். இதை வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் அரசியல் நடந்தது. சீன அகலத்தில் போட்டால் சரக்கு நேராகப் போகும், செலவு குறையும். ஆனால் நாடே சீனாவின் கைக்குள் போய்விடும் என்ற பயம் அங்கே ரொம்பப் பழசு. கடைசியில் ரஷ்ய அகலத்திலேயே 233 கிலோமீட்டர் பாதை 2022 செப்டம்பரில் திறந்தது. அதுவும் எல்லை வரைக்கும்தான். எல்லையைத் தாண்டும் இணைப்புக்கு வேலை ஆரம்பித்ததே 2025 மே மாதத்தில். வெளியிலிருந்து பார்த்து ‘முட்டாள்தனம்’ என்று சொல்வது சுலபம்; அந்தப் பயத்தைக் காரணமில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விலை விஷயத்திலும் அவர்கள் முன்பே சூடு பட்டவர்கள். 2011-இல் அரசு நிறுவனமான எர்டெனெஸ் தவான் தோல்கோய், சீனாவின் சால்கோவிடம் 35 கோடி டாலர் முன்பணம் வாங்கியது. திருப்பிக் கொடுக்க வேண்டியது கரியாக. அந்தக் காலத்தில் கனிம வருமானத்தை நம்பி ஒவ்வொரு குடிமகனுக்கும் மாதம் 21,000 துக்ரிக் கொடுத்துவந்தார்கள். தலைக்கு 1,072 பங்குகளும் அறிவித்தார்கள். பிறகு கரி விலை விழுந்தது. 2013 ஜனவரியில் விலை கட்டுப்படியாகவில்லை என்று சரக்கை நிறுத்தும் அளவுக்குத் தகராறு. நெல் அறுக்கும் முன்பே விலை பேசிப் பணத்தைச் செலவழித்துவிட்ட விவசாயியின் நிலைமைதான்.

இனி என் ஸ்கிரிப்ட். 2023-இல் ஏற்றுமதி கிட்டத்தட்ட 7 கோடி டன், வருமானம் சுமார் 890 கோடி டாலர். வகுத்தால் டன்னுக்கு 127 டாலர் போல. அதே வருஷம் ஆஸ்திரேலிய முதல்தரக் கோக்கிங் கரியின் சராசரி 300 டாலரை ஒட்டி இருந்தது. வித்தியாசம் எங்கே போனது? மங்கோலியக் கரியில் நிறைய, கழுவிச் சுத்தம் செய்யாமல் அப்படியே போகிறது. முதல்தரமும் எல்லாம் இல்லை. நெடுநாள் சுரங்க வாசலிலேயே விலை பேசி விற்றார்கள்; லாரி வாடகை, இடைத்தரகர் எல்லாம் வாசலுக்கு வெளியே.

அந்த ‘வெளியே’ என்ன நடந்தது என்ற கேள்விதான் 2022 டிசம்பரில் தலைநகர் உலான்பாத்தரின் சுக்பாத்தர் சதுக்கத்தில் மக்களை நிறுத்தியது, உறையும் குளிரில். மங்கோலிய சுங்கக் கணக்கும் சீன சுங்கக் கணக்கும் ஒத்துப்போகவில்லை, நம் கரி திருடப்படுகிறது என்பது குற்றச்சாட்டு. ஒரே சரக்கு ரெண்டு நாட்டு ஏட்டில் ரெண்டு மாதிரி இருப்பது வழக்கம்தான். விற்பவர் எல்லை வரை உள்ள மதிப்பை எழுதுவார், வாங்குபவர் போக்குவரத்தும் சேர்த்து எழுதுவார். ஆனால் அது டாலர் கணக்குக்குப் பொருந்தும். டன் கணக்கில் பெரிய இடைவெளி வந்தால் ஈரப்பதம், மாதக்கடைசி என்று எவ்வளவு தூரம்தான் சமாதானம் சொல்ல முடியும்? 2023 ஜனவரியிலிருந்து பங்குச்சந்தை வழியாக ஏலம் விட ஆரம்பித்தார்கள்.

2024-இல் ஏற்றுமதி 8 கோடி டன்னைத் தாண்டியது. வருமானமோ கூடவில்லை, சற்று இறங்கியது. ஆஸ்திரேலியக் கரி சீனாவுக்குத் திரும்பிவிட்டது, சீனாவில் கட்டுமானமும் படுத்துவிட்டது. இறக்குமதிப் பக்கம் பார்த்தால் இன்னொரு வேடிக்கை: கரி லாரிகளுக்கு ஊற்றும் டீசல் முதல் நாட்டின் எரிபொருளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வருகிறது.

நம்ம ஊர் எஃகு ஆலைகளும் தங்களுக்கு வேண்டிய கோக்கிங் கரியில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகின்றன. மங்கோலியாவிடம் வாங்கும் பேச்சும் நடந்துவருகிறது. வழி ரெண்டுதான். சீனத் துறைமுகம், அல்லது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் போய் ரஷ்யாவின் பசிபிக் துறைமுகம். ரெண்டாவது வழிக்கு ரயில் வாடகையைச் சேர்த்து ஸ்கிரிப்டை மாற்றி எழுத வேண்டும்.