ஒரே நொடியில் இருவர் அழுத்தினால் பெர்த் யாருக்கு?

பொங்கல் ரயில் முன்பதிவு நெருங்குகிறது. செல்லூர் வாசகர்கள் பலர் கேட்டிருப்பது ஒன்றுதான்: எட்டு மணிக்குச் சரியாக அழுத்தியும் எனக்கு வெயிட்டிங் லிஸ்ட், எனக்குப் பிறகு அழுத்திய மச்சினனுக்கு பெர்த். எப்படி? பொங்கல் வாழ்த்துகளைக் கோடிக்கணக்கில் சுமக்கிற வாட்ஸ்அப் எப்படித் தாங்குகிறது என்றும் சிலர் கேட்கிறார்கள்.

இரண்டாவதில் தொடங்கினால் முதலாவதற்கும் விடை வரும். வாட்ஸ்அப் சர்வர்கள் எர்லாங் மொழியில் ஓடுபவை. எரிக்சன் நிறுவனத்தில் 1986-ல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காகப் பிறந்த மொழி அது. கார்ல் ஹெவிட்டும் இன்னும் இருவரும் 1973-ல் முன்வைத்த ஆக்டர் முறைதான் அதன் போக்கும். 2012 தொடக்கத்திலேயே வாட்ஸ்அப் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது.

ஆக்டர் என்பது ஒரு சிறு புரோகிராம்; ஒவ்வொரு ஆக்டரிடமும் தனிக் கணக்குப் புத்தகம் இருக்கும். வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. எது வேண்டுமானாலும் அதன் பெட்டியில் தபால்தான் போட வேண்டும். ஒரு தபாலை முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும். சென்னை வண்டியில் மிச்சம் 1 பெர்த் என்று வையுங்கள். இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் கணக்கைப் பார்த்தால் இரண்டும் '1 இருக்கிறது' என்று படித்து, இருவருக்கும் விற்றுவிடும். ஆக்டரிடம் இது நடக்காது. முதல் தபாலுக்கு பெர்த், கணக்கு 0, அடுத்ததற்கு 'இல்லை'. பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அருமையான யோசனை.

என்னை உறுத்துவதும் இந்தத் தபால் பெட்டிதான். எர்லாங்கில் ஒருவரே போடும் இரண்டு தபால்கள் வரிசை மாறாது. வெவ்வேறு ஆட்கள் போட்டால் அந்த உறுதி கிடையாது. வைகைக்குத் தென்கரையில் வேகமான லைனில் இருப்பவர், செல்லூரில் ஒரு நொடி முன்னால் அழுத்தியவரை முந்திவிடலாம். 'முதலில் வருபவருக்கே முன்னுரிமை' என்று எந்த அலுவலகம் அறிவித்தாலும், பெட்டியில் முதலில் விழுந்தவருக்கு என்றே படியுங்கள். முதலில் அழுத்தியவருக்கு என்று அதில் எங்கும் இல்லை.

ஆக்டர் பாதியில் விழுந்தால்? விசைத்தறியில் ஊடை அறுந்தால் அந்தத் தறி மட்டும் தானாக நிற்கும். தறிக்காரர் நாடாவில் தாரை மாற்றி ஓடவிடுகிற வரை பக்கத்துத் தறியின் சத்தம் ஓய்வதில்லை. இங்கே அந்தத் தறிக்காரர் வேலையை மேற்பார்வை ஆக்டர் பார்க்கும்.

விழுந்த ஆக்டரின் கணக்கு? டிஸ்க்கில் எழுதி வைக்காவிட்டால் போனதுதான்.

பெட்டி நிரம்பினால்? எர்லாங்கில் பெட்டிக்கு அளவு கிடையாது. மெமரி தீர்ந்தால் சர்வரே படுத்துவிடும். 'எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இரண்டு தடவை அழுத்தினால்? இரண்டு தபால், கோரிக்கைக்குத் தனி எண் இல்லாத தளத்தில் இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் போகும்.