விரல் காட்டும் இடம்

நடக்கும் கால்கள் – 9

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்காட் டை என்று ஓர் எலும்பு அறுவை மருத்துவர். முழங்காலுக்குள் எந்த இடத்தைத் தொட்டால் எவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மயக்கத்தில் கிடக்கும் நோயாளியிடம் கேட்க முடியாது. எனவே தானே மேசையில் படுத்தார். கருவி நுழையும் தோலை மட்டும் மரக்கச் செய்துகொண்டார். மூட்டுக்குள் மரப்பு மருந்து எதுவும் இல்லை. சக மருத்துவர் ஒருவர் ஆர்த்ரோஸ்கோப்பை உள்ளே விட்டு ஒவ்வோர் இடமாகத் தொட்டும் அழுத்தியும் பார்க்க, டை விழித்திருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண் போட்டார். 1998-இல் இது மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. படித்தபோது எனக்கு முட்டி கூசியது உண்மை.

முட்டிச் சில்லின் உட்பக்கக் குருத்தெலும்புக்கு அவர் போட்ட மதிப்பெண் பூஜ்யம். அவருடைய சில்லில் குருத்தெலும்பு ஓரிடத்தில் ஏற்கெனவே மெலிந்து கெட்டிருந்தது. அங்கே அழுத்தியபோதும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டையும் முன்பக்கச் சவ்வையும் தொட்டதும் உயிர் போகிற வலி.

நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரேயோடும் வாயில் தீர்ப்போடும் வருகிறார்கள். "மூட்டு தேஞ்சு போச்சாம் டாக்டர்." சொல்பவருக்கு வயது இருபத்திரண்டாக இருக்கும். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. தேய்ந்தாலும் அது தானாக வலிக்காது. அதன் அடியில் உள்ள எலும்பும், சுற்றியுள்ள சவ்வும், திண்டும், தசைநாணும்தான் வலிக்கும். முன்முட்டி வலி என்றால் இவற்றில் எது வலிக்கிறது என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு எக்ஸ்ரேயைவிட இரண்டு கேள்விகள் அதிகம் உதவும். எங்கே வலிக்கிறது? என்ன செய்தால் வலிக்கிறது?

முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு நான் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். சிலர் ஒரே ஒரு விரலை ஒரு புள்ளியில் வைப்பார்கள். சிலர் உள்ளங்கையால் முட்டி முழுவதையும் தடவி, "இங்கதான், உள்ள எங்கயோ" என்பார்கள்.

உள்ளங்கைக்காரர்கள்தான் அதிகம். சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான மூட்டிலிருந்து வரும் வலி இது. சில்லு என்பது கிணற்று ராட்டினம் மாதிரி. தொடைத் தசை இழுக்கும் இழுப்பைத் திசை திருப்பிக் கீழ்க்காலுக்குக் கொடுக்கிறது. அந்த வேலையில் அது தொடையெலும்போடு அழுந்துகிறது. சமதரையில் நடக்கும்போது அந்த அழுத்தம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படியில் மூன்று மடங்கைத் தாண்டும். முழுக்கக் குந்தினால் ஏழு மடங்குக்கும் மேல் என்று 1972-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். இப்போது நோயாளி சொல்வதைக் கேளுங்கள். படி இறங்கும்போது வலிக்கிறது, கோலம் போட்டு எழுந்தால் வலிக்கிறது, இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியவில்லை, சென்னையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் காலை மடக்கியே உட்கார்ந்து வந்தால் திருச்சிக்குள் குடைய ஆரம்பிக்கிறது. எல்லாமே முட்டி மடங்கியிருக்கும் நேரம். குந்தச் சொன்னால் வலிக்கிறதா என்பதுதான் இதற்கு நம்மிடம் உள்ள மிக நல்ல சோதனை. 2015-இல் மான்செஸ்டரில் கூடி, 2016-இல் ஒருமித்த அறிக்கை கொடுத்த நிபுணர்களும் அதையே சொன்னார்கள். இளம்பெண்களிடம் இது கூடுதல். எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் இவர்களே, 'தேய்மானம்' என்று பயமுறுத்தப்படுகிறவர்களும் இவர்களே. இரண்டுமே அநியாயம்.

பெரும்பாலும் கொஞ்ச நாளுக்கு முன்னால் ஏதோ ஒன்று திடீரென்று கூடியிருக்கும். ஓட்டம் தொடங்கியிருப்பார், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குக் குடி போயிருப்பார், எடை ஏறியிருக்கும். மருந்து உடற்பயிற்சிதான்: தொடைக்கும் இடுப்புக்கும் சேர்த்து. இடுப்பை விட்டுவிட்டு முட்டியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. முட்டி மடங்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வருவதற்குப் பலர் அரண்டு போகிறார்கள். வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம்.

இனி ஒற்றை விரல்காரர்கள். விரல் சில்லின் கீழ்நுனியில் நின்றால், ஆள் வாலிபால் ஆடுகிறவரா என்று கேட்பேன். 1973-இல் பிளேசினா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்குக் குதிப்பவர் முட்டி என்று பெயர் கொடுத்தார்கள். சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குப் போகும் தசைநாண் அந்த நுனியில்தான் கெடுகிறது. இதன் நடத்தை விசித்திரமானது. ஆட்டம் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறைந்துவிடும், மறுநாள் காலையில் இரட்டிப்பாக வந்து நிற்கும். நடுவில் மறைவதால் பையன் ஆடிக்கொண்டே இருப்பான். குதித்து இறங்கும் வேகத்துக்கு ஏற்ப வலி ஏறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் இருக்காது. முந்தைய வகையிலிருந்து இதைப் பிரிப்பது இந்த வித்தியாசம்தான். முழு ஓய்வு கொடுத்தால் தசைநாண் இன்னும் பலமிழக்கும். குதிப்பதைக் குறைத்து, சுமையைப் படிப்படியாக ஏற்றிப் பழக்க வேண்டும், மாதக்கணக்கில். டோர்னமெண்டுக்கு முன்னால் தசைநாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி கேட்டு வருகிறவர்கள் உண்டு. நாண் அறுந்துபோகும் ஆபத்து இருப்பதால் நான் போடுவதில்லை.

விரல் இன்னும் இரண்டு அங்குலம் கீழே இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் நின்றால், அதுவும் விரலுக்கு உரியவர் ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கிறவர் என்றால், ஏறத்தாழ முடிவு தெரிந்துவிடும். பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்று இரண்டு மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் 1903-இல் தனித்தனியே எழுதினார்கள். இருவர் பெயரும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டது. சில்லின் தசைநாண் வந்து பிடித்திருக்கும் அந்த மேடு வளரும் வயதில் முழு எலும்பாக மாறியிருக்காது. பிள்ளை மளமளவென்று உயரும்போது, கபடியும் ஓட்டமும் சேர்ந்து அதை இழுத்து நோகடிக்கின்றன. அம்மாக்கள் புடைப்பைத் தொட்டுக் காட்டி, "எலும்பு தனியா வளருது டாக்டர்" என்பார்கள். வளர்ச்சி நின்றதும் வலி அநேகமாகப் போய்விடும். புடைப்பு மட்டும் தங்கிவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டியதுமில்லை. வலி பொறுக்கும் அளவுக்கு ஆடட்டும்.

சில்லின் மேலேயே, தோலுக்கு அடியில் நீர் கோத்து மெத்தென்று வீங்கினால் அது மூட்டு நோயே அல்ல. தோலுக்கும் சில்லுக்கும் நடுவிலுள்ள சிறு நீர்ப்பை வீங்கியிருக்கிறது. டைல்ஸ் ஒட்டுகிறவர்களிடம் சாதாரணமாகப் பார்க்கலாம், நாள் முழுக்க முட்டிக்கால் போட்டு வேலை. மூட்டு ஓரளவு நன்றாகவே மடங்கும். முட்டிக்குத் திண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று பொருள். அன்றே காட்ட வேண்டும்.

டை அலறிய கொழுப்புத் திண்டுக்கு வருவோம். ஜெர்மானிய மருத்துவர் ஆல்பெர்ட் ஹோஃபா 1904-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் நம் கிளினிக்குகளில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். விரல் ஒன்றல்ல, இரண்டு வரும்: தசைநாணின் இருபுறமும் உள்ள குழிகளில். முக்கியமாக, வலி வரும் நேரம் தலைகீழ். முட்டியை மடக்கினால் அல்ல, முழுதாக நீட்டினால் வலிக்கும். முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டியபடி வெகுநேரம் நிற்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, துணிக்கடை விற்பனைப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள், திண்டு இடையில் சிக்கி நசுங்குகிறது. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும் 'காலை நீட்டி முட்டியை இறுக்கு' பயிற்சி இவர்களுக்கு வலியைக் கூட்டும். பயிற்சி செய்யச் செய்ய மோசமாகிறது என்று ஒருவர் சொன்னால், அவரைச் சோம்பேறி என்று நினைப்பதற்கு முன்னால் இந்தக் குழிகளை அழுத்திப் பாருங்கள்.

அப்படியானால் தேய்மானம் என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. நாற்பது ஐம்பது வயதுக்கு மேல், தரையிலிருந்து எழவும் படி இறங்கவும் சிரமப்படுகிறவர்களில் சிலருக்குச் சில்லுக்குப் பின்னால் உள்ள மூட்டு மட்டும் தேய்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், உண்மையான அந்தத் தேய்மானம் வழக்கமாக நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. முட்டியை மடக்கி வைத்துச் சில்லின் விளிம்பை நோக்கி எடுக்கும் ஸ்கைலைன் படம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

தடுக்கி விழுந்த பிறகு காலை நேராக நீட்டித் தூக்கவே முடியவில்லை என்றால் மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரமில்லை. தசைநாண் அறுந்திருக்கலாம் அல்லது சில்லு உடைந்திருக்கலாம். 1997-இல் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன் வீட்டுப் படியில் தடுமாறியபோது சில்லுக்கு மேலுள்ள தொடைத் தசைநாண்தான் கிழிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

கடைசியாக, விரல் பொய் சொல்லும் இடம். பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் ஒரு பிள்ளை, கொஞ்சம் பருமன், முட்டியின் முன்பக்கத்தைக் காட்டி வலி என்கிறான், நொண்டுகிறான். முட்டியில் அழுத்தினால் எங்கும் வலி இல்லை, வீக்கமும் இல்லை. படுக்க வைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மடக்குங்கள். கால் நேராக வராமல் வெளிப்பக்கமாகச் சுழன்றுகொண்டு போனால் கோளாறு இடுப்பில். தொடையெலும்பின் தலை வளர்தகட்டிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. இடுப்புக்கும் முட்டிக்கும் பொதுவாக ஒரு நரம்பு கிளை கொடுப்பதால் இடுப்பின் வலி முட்டியில் தெரிகிறது. முட்டியைத்தான் பத்துக் கோணத்தில் படம் எடுத்திருப்பார்கள், எல்லாம் நன்றாக இருக்கும்.

இதே வயதில் இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும், வாரத்துக்கு வாரம் பெருக்கும் வீக்கமும் இருந்தால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடவே கூடாது. எலும்புப் புற்று அதிகம் தோன்றும் இடம் முட்டியைச் சுற்றித்தான். அது அபூர்வம். இடுப்பு நழுவுவது அவ்வளவு அபூர்வமல்ல. சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளை காலை ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலியில் வைத்து, இரண்டு இடுப்பையும் சேர்த்துப் படம் எடுத்து, உறுதியானால் திருகாணி போட்டு நிறுத்த அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு வாங்க என்று சொல்லி வீட்டுக்கு நடத்தி அனுப்பினால், வாசல்படி இறங்கும்போதே தலை முழுதாக நழுவிவிடக்கூடும்.

(தொடரும்)