இன்சுலின் போட்ட ஊசி எங்கே போகிறது?

நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் போட்டு, ஒவ்வொரு முறையும் புது ஊசி எடுப்பவர் வீட்டில் ஆண்டுக்கு 730 ஊசிகள் சேரும். சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்தும் லான்செட் தனிக்கணக்கு. இத்தனையும் காய்கறித் தோலோடு ஒரே பையில் கட்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பையை அவிழ்த்துப் பிரிப்பவை தூய்மைப் பணியாளரின் கைகள்.

‘மூடி போட்டுத்தானே போடுகிறோம்’ என்பார்கள். இன்சுலின் பேனாவில் மாட்டும் ஊசிக்கு இரண்டு முனை. ஒன்று நம் தோலில் இறங்குவது. இன்னொன்று பேனாவுக்குள் மருந்துக்குப்பியின் ரப்பரைத் துளைப்பது. சின்ன மூடி மறைப்பது முன்முனையை மட்டும்தான். சிரிஞ்சின் மூடியோ, வண்டியில் குப்பை அழுந்தும்போது கழன்றுவிடக்கூடும்.

குத்திய வலி நொடியில் போய்விடும், பயம் போகாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது வீரியத்தோடு இருக்கக்கூடியது. யாருடைய ஊசி என்றும் தெரியாது. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நம் வீட்டு ஊசிக்காக இன்னொருவர் ஏன் இந்தப் பாட்டைப் பட வேண்டும்?

தடுக்கப் பெரிய செலவில்லை. காலியான பினாயில் பாட்டிலோ, துணி துவைக்கும் திரவ சோப்பு வரும் கெட்டியான பாட்டிலோ போதும். தண்ணீர் பாட்டில் வேண்டாம்; மெல்லிய பிளாஸ்டிக்கை ஊசி துளைத்துவிடும். போட்ட கையோடு ஊசியை அதில் போடுங்கள். ஊசியை வளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, டேப் சுற்றி, ‘ஊசி – திறக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாவிட்டால், பழைய பிளாஸ்டிக் என்று நினைத்து யாராவது திறந்துவிடுவார்கள்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு ஊசி, சிரிஞ்ச், காலாவதியான மருந்து ஆகியவற்றை அபாயகரமான வீட்டுக்கழிவு என்று தனியாகவே பிரித்தன. அவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது உள்ளாட்சி அமைப்பு வைக்க வேண்டும் என்றும் சொல்லின. உங்கள் பகுதி மையம் எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்க வேண்டிய உரிமைதான் இது.

வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்றால், பாட்டிலை மற்ற குப்பையோடு சேர்க்காமல், ‘இதில் ஊசி இருக்கிறது’ என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.