பொது அடைவும் குழுவுரிமையும்

ஒரு கணினியைப் பலர் புழங்குங்கால் எவர்க்கு எது உரியது என்னும் வரையறை இன்றியமையாதது. 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இவ்வரையறையை யூனிக்ஸினின்றே பெற்றது. ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர் ஒருவர், குழு ஒன்று, ஏனையோர் பிறர். இம்மூவகையார்க்கும் படித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1 என எண்ணிட்டுக் கூட்டி உரிமை வழங்குவர். கோப்புகளைத் தொகுத்து வைக்கும் அடைவிலோ, இயக்குதல் என்பது உள்ளே நுழைதலாம்.

நிற்க. ஓர் இதழின் ஆசிரியர் மூவர் ‘மலர்’ என்றோர் அடைவைப் பொதுவாகக் கொள்கின்றனர் என்போம். மூவரையும் ஒரு குழுவிற் சேர்த்து, அடைவை அக்குழுவிற்கு உரியதாக்கி, 770 என உரிமையும் அளித்தாயிற்று. எனினும் ஒருவர் இட்ட கட்டுரையை மற்றவர் திருத்த இயலவில்லை. காரணம் யாது? புதிதாய்ப் பிறக்கும் கோப்பு, தான் பிறந்த அடைவின் குழுவைச் சாராது, தன்னை ஆக்கியவரின் முதற்குழுவையே சாரும். உபுண்டு முதலியவற்றில் அம்முதற்குழுவில் பெரும்பாலும் அவரையன்றி வேறொருவரும் இரார்.

இவ்விடத்திற் பொறுமையிழந்து 777 என்று இட்டுவிடுவார் பலர். அஃது அக்கணினியிற் கணக்குடைய எவர்க்கும் கதவைத் திறந்துவிடுதலேயாம். அவ்வளவு செய்தும் நோய் தீராது. உள்ளே பிறக்கும் கோப்புகள் முன்போலவே இருக்கும்.

உரிய மருந்து ‘செட்ஜிஐடி’ என்னும் குறி. ‘சிஎச்மோட் 2770 மலர்’ எனக் கட்டளையிடின், முதலில் நிற்கும் 2 அக்குறியை நாட்டும். அதன்பின் உண்டாகும் கோப்புகள் அடைவின் குழுவையே பெறும். உள்ளடைவுகள் அக்குறியையும் உடன் பெறும். முன்னரே உள்ளவை தாமாக மாறா. வேறிடத்தினின்று நகர்த்தப்பட்டவையும் பழைய குழுவிலேயே நிற்கும். அவற்றைச் ‘சிஎச்ஜிஆர்பி’ என்னும் கட்டளையால் நாமே மாற்றல் வேண்டும்.

குழு சரியாகியும் திருத்தவியலாமை தொடரக்கூடும். ‘யூமாஸ்க்’ என்னும் கழிவெண் 022 ஆயின், புதுக்கோப்பின் 666-இற் குழுவின் எழுத்துரிமை கழிந்து 644 ஆகும். 002 ஆயின் 664. ஈற்றில் நிற்கும் 4 கண்டு அஞ்சற்க. அடைவின் 0 பிறரை வாயிலிலேயே நிறுத்திவிடும்.

இன்னொன்று பலரும் அறியாதது. கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அடைவில் உள்ளது. ஆதலின் நண்பரின் கட்டுரையில் ஓரெழுத்தும் திருத்தவொண்ணாதவர், அதனை அடியோடு அழித்துவிடலாம்! விந்தையே. இதனைத் தடுக்க 1-ஐயும் கூட்டி 3770 என இடுவர். பின்னர்க் கோப்பினை உடையவரும், அடைவினை உடையவரும், ‘ரூட்’ எனப்படும் தலைவருமே அழிக்கவல்லவர். யாவர்க்கும் பொதுவான ‘டிஎம்பி’ அடைவு 1777 என்றிருப்பதும் இது பற்றியே.

குழுவிற் புதிதாய்ச் சேர்க்கப்பட்டவர், ஒருமுறை கணக்கினின்று வெளியேறி மீண்டும் நுழையுங்காறும் இவ்வுரிமைகளுள் ஒன்றையும் பெறார்.