ஒரு மணிப் பறப்பும் ஒரு நாள் வழியும்

தெல்தோட்டைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், எந்தத் தூரத்தைச் சொல்வது என்பதே முதற் சிக்கல். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். உயரே மணிக்கு 800 கிலோமீற்றர் செல்லவல்ல விமானத்துக்கு இஃது அரை மணி வேலைதான். ஆயினும் ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலெழுவதற்கும், தாழ்ந்திறங்குவதற்கும் நேரம் செல்வதால் பிரயாணம் சுமார் ஒரு மணியாகிறது. இதிலொரு வேடிக்கை: 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு அரை மணி முந்தியிருந்தது. அந்நாளில் திருச்சிக்குப் பறந்தவர், கடிகாரக் கணக்கில், புறப்பட்ட அரை மணியிலேயே சென்று சேர்ந்தார்!

ஆனால் தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாக வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்கும் பஸ் வண்டிக்கு வானத்து வேகம் தெரியாது. கண்டியிலிருந்து கட்டுநாயக்கா இன்னும் 100 கிலோமீற்றருக்கு மேல். விமான நிலையத்தில் இரண்டு மூன்று மணி முன்னதாகவே நிற்கவேண்டும். எல்லாம் கூட்டினால் எட்டு மணிக்குக் குறையாது. அதில் பறப்பது ஒன்றே ஒன்று. 2025இல் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் திருச்சிக்கும் விமானம் தொடங்கியது. நேர்கோடு 185 கிலோமீற்றரளவே. எனினும் மலைநாட்டார் பலாலியை அடைவதற்கே ஓர் இரவு வேண்டுமே!

நம் முன்னோர் கணக்கு வேறு. தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே கால்நடையாகவே மலையேறினர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டவர் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின், கோச்சி, கப்பல், மீண்டும் கோச்சி என்று வழி எளிதாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது.

அதே 1964இன் அக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயரிட்டனர். அண்ணன் இங்கே, தம்பி நீலகிரிக் கூடலூரிலே என்று குடும்பங்கள் பிரிந்தன. அத்தகைய வீடுகளில் தூரம் என்பது கிலோமீற்றரன்று. தாயின் முகத்தைக் கடைசியாகக் காண நேரமிருக்குமா என்பதே கேள்வி. தெல்தோட்டையில் இரவு உயிர் பிரிந்து மறுநாள் மாலை அடக்கமென்றால், கூடலூர் மகன் திருச்சியை அடைவதற்கே ஏறக்குறைய ஒரு பகல் பஸ்ஸிலே கழியும். விசாவும் டிக்கட்டும் அதற்குமேல். விமானம் எத்துணை விரைந்தென்ன?

அக்கரையில் முதிய பெற்றோரோ உடன்பிறந்தாரோ உள்ளவர்கள், கடவுச்சீட்டு காலாவதியாகும் தேதியை இன்றே எடுத்துப் பார்ப்பது நன்று; விசாவுக்குப் பொதுவாக ஆறு மாதமேனும் மீதமிருக்கவேண்டும். இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் கண்டியிலேயே உண்டு. அதற்காகவேனும் கொழும்புக்கு அலையவேண்டுவதில்லை.